பழைய பதிவு வெளியே, பார்வை உள்ளே: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை தேர்ந்தெடுத்த கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை. சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும்) மென்பொருளிலிருந்து வெளியே எடுத்து வைத்த பழைய தரவை, அதே வாடிக்கையாளர் திரையில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: எங்கள் சிஆர்எம்மான சேல்ஸ்ஃபோர்ஸில் ஸ்டோரேஜ் நிரம்பிக்கொண்டே போகிறது. மூடிய பழைய புகார்களை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு நகர்த்தப் போகிறோம். ஆனால் வாடிக்கையாளர் போனில் பேசும்போது அவருடைய பழைய புகார்களும் ஊழியரின் கண்ணில் பட வேண்டும். எந்த வழி நல்லது?

நகர்த்துவதற்கு முன் ஸ்டோரேஜ் பயன்பாட்டுப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் பெரும்பாலான ரெக்கார்டுகளை, உள்ளே எத்தனை ஃபீல்டு இருந்தாலும், ஒன்றுக்கு 2 கேபி என்றே கணக்கிடும். மின்னஞ்சல் ரெக்கார்டுக்கு மட்டும் அதன் உண்மையான அளவு கணக்கில் ஏறும். பல இடங்களில் இடத்தை அடைப்பது புகார் அல்ல, புகாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மின்னஞ்சல்தான். அப்படியானால் மின்னஞ்சலை மட்டும் வெளியேற்றிவிட்டு, புகாரை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடலாம். வேலை பாதியாகிவிடும்.

புகாரையே நகர்த்தத்தான் வேண்டும் என்றால், அதை யார், எந்தத் திரையில், எதை வைத்துத் தேடுகிறார் என்று எழுதி வையுங்கள். உங்கள் விஷயத்தில் விடை தெளிவு: வாடிக்கையாளர் பக்கம், வாடிக்கையாளர் எண், புதியது மேலே. ஒரே சாவி, ஒரே வரிசை. இதற்கு எக்ஸ்டர்னல் ஆப்ஜெக்ட் (வெளியே உள்ள தரவைக் காட்டும் டேபிள்) போதும். போஸ்ட்கிரெஸுக்கு முன்னால் ஓடேட்டா (வலை வழியாகத் தரவைக் கேட்டு வாங்கும் பொது நெறிமுறை) சேவை ஒன்றை அமைத்து, சேல்ஸ்ஃபோர்ஸ் கனெக்ட் வழியாக இணைத்தால், பழைய புகார் டேபிள் உள்ளே இருப்பது போலவே ரிலேட்டட் லிஸ்ட்டில் (பக்கத்தில் வரும் தொடர்புடைய பதிவுகளின் பட்டியலில்) தெரியும். தரவு உள்ளே வருவதில்லை. பக்கம் திறக்கும்போது கேட்டு வாங்கிக் காட்டப்படுகிறது. கனெக்ட்டுக்குத் தனி உரிமக் கட்டணம் உண்டு, அதை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

உரிமம் வேண்டாம் என்றாலோ, யார் எதைப் பார்க்கலாம் என்பதில் கறாரான விதிகள் இருந்தாலோ, பக்கத்தில் சொந்தமாக ஒரு காம்பொனென்ட் (திரைப் பகுதி) எழுதி, ஏபெக்ஸ் (சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல் மொழி) வழியாக உங்கள் ஏபிஐயை (மென்பொருள்கள் தரவு கேட்கும் வாசல்) அழையுங்கள். மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் யாராவது பார்ப்பார்கள் என்றால், பழைய தரவைக் காட்டும் வெளிப் பக்கத்துக்கு ஒரு லிங்க் போதும். ஐஃப்ரேமில் அந்தப் பக்கத்தை உள்ளே பதிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இன்றைய பிரவுசர்களில் சில மூன்றாம் தரப்பு குக்கீகளைத் தடுப்பதால், உள்நுழைவு சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது. காரணம் தேடியே நாள் போகும்.

இன்னொன்று. ஏற்றுமதி செய்யும்போது ஐடிகளை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். பொறுப்பாளரின் ஐடியோடு அவர் பெயர், நிலைக் குறியீட்டோடு அன்று திரையில் தெரிந்த சொல், தொகையோடு நாணயக் குறியீடு ஆகியவையும் அதே வரிசையில் இருக்கட்டும். ஐந்து ஆண்டு கழித்து அந்த ஊழியர் கணக்கு இருக்காது. '7' என்ற குறியீட்டுக்கு அர்த்தம் மாறியிருக்கும்.

நகல் எடுப்பது, எண்ணிக்கை சரிபார்ப்பது, திரையில் காட்டுவது, ஊழியர்கள் சில வாரம் பயன்படுத்திப் பார்ப்பது, அதன் பிறகே அழிப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. அழித்த பதிவு ரீசைக்கிள் பின்னில் இருப்பது 15 நாள்தான்.

கேள்வி: எக்ஸ்டர்னல் ஆப்ஜெக்ட் அமைத்துவிட்டோம். சோதனை இணைப்பு வெற்றி என்கிறது. டேபிளில் தரவும் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் பக்கத்தில் ரிலேட்டட் லிஸ்ட் காலியாக வருகிறது. சிலருக்கு மட்டும் சரியாக வருகிறது. என்ன செய்வது?

'சிலருக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். சில ஊழியர்களுக்கா, சில வாடிக்கையாளர்களுக்கா? சில ஊழியர்களுக்கு என்றால் அது அனுமதிப் பிரச்சினை. எக்ஸ்டர்னல் ஆப்ஜெக்டுக்கும் அதன் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் புரொஃபைலிலோ பெர்மிஷன் செட்டிலோ தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, முடித்துவிடுங்கள்.

சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் காலி என்றால், சாவி பொருந்தவில்லை. உங்கள் அமைப்பு அநேகமாக இண்டைரக்ட் லுக்அப். அதாவது வெளி டேபிளில் உள்ள வாடிக்கையாளர் எண்ணை, அக்கவுன்ட்டில் (வாடிக்கையாளர் பதிவில்) தனித்துவமானது, எக்ஸ்டர்னல் ஐடி என்று குறித்த ஃபீல்டோடு ஒப்பிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் சேரும்.

காலியாக வரும் ஒரே ஒரு வாடிக்கையாளரை எடுங்கள். அவருடைய எண்ணை சிஆர்எம் திரையிலிருந்து நகலெடுத்து, ஓடேட்டா முகவரியில் ஃபில்டராகப் போட்டு, பிரவுசரிலோ போஸ்ட்மேனிலோ நேரடியாகக் கேளுங்கள். அங்கேயும் காலி என்றால் சேல்ஸ்ஃபோர்ஸைக் குறை சொல்ல வேண்டாம். கீழே உள்ளவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

அடிக்கடி காண்பது முன்பூஜ்ஜியம். சிஆர்எம்மில் 00045127, ஏற்றுமதிக் கோப்பை யாரோ எக்செலில் திறந்து சேமித்ததால் டேபிளில் 45127. எண் நீளம் எப்போதும் எட்டு என்று உறுதியாகத் தெரிந்தால், டேட்டாபேஸ் வியூவில் (டேபிளின் மேல் சேமித்து வைக்கும் தரவுக் கேள்வியில்) இடப்பக்கம் பூஜ்ஜியம் நிரப்பிச் சரிசெய்யலாம். நீளம் மாறுபடும் என்றால் மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுவதே பாதுகாப்பு.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத வால் இடைவெளி. டேபிளில் அந்தப் பத்தியின் வகை சார் 20 (எப்போதும் 20 எழுத்து நீளம்) என்று இருந்தால், எட்டு எழுத்து எண்ணுக்குப் பின்னால் பன்னிரண்டு இடைவெளிகள் ஒட்டியிருக்கும். போஸ்ட்கிரெஸ் உள்ளுக்குள் ஒப்பிடும்போது அவற்றைப் பொருட்படுத்தாது. அதனால் எஸ்கியூஎல் குவெரி சரியாகவே பதில் தரும். ஆனால் ஏபிஐ வழியாக வெளியே போகும்போது இடைவெளியோடு போகும். லெங்த் ஃபங்ஷனும் 8 என்றே சொல்லும். ஆக்டெட் லெங்த் போட்டால்தான் 20 தெரியும். எஸ்கியூஎல் சர்வரிலும் இதே கதை: லென் வால் இடைவெளியை எண்ணாது, டேட்டாலெங்த் எண்ணும். வியூவில் டெக்ஸ்ட் வகைக்கு மாற்றி, வலப்பக்கம் ட்ரிம் செய்துவிடுங்கள்.

மூன்றாவது, சேல்ஸ்ஃபோர்ஸ் ஐடியையே சாவியாக வைத்திருப்பவர்களுக்கு. ஐடிக்கு 15 எழுத்து வடிவமும் 18 எழுத்து வடிவமும் உண்டு. 15 எழுத்து வடிவத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு ஐடி. எக்செலின் வீலுக்அப்புக்கும், பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காத கொலேஷன் (ஒப்பிடும் விதி) கொண்ட எஸ்கியூஎல் சர்வருக்கும் இரண்டும் ஒன்றே. விளைவு, ஒருவரின் புகார் இன்னொருவர் பக்கத்தில் தெரியும். காலியாக வருவதைவிட இது மோசம், யாரும் புகார் சொல்லும்வரை வெளியே தெரியாது. எப்போதும் 18 எழுத்தையே சேமியுங்கள்; கடைசி மூன்று எழுத்து இதற்காகவே சேர்க்கப்பட்டது.

நான்காவது காரணம் இணைப்பு, அதாவது மெர்ஜ். இரட்டைப் பதிவு என்று இரண்டு அக்கவுன்ட்டுகளை ஒன்றாக்கும்போது, நீக்கப்படும் பதிவும் அதன் வாடிக்கையாளர் எண்ணும் போய்விடும். வெளி டேபிளோ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் புகார்கள் எந்தப் பக்கத்திலும் வராது. நீக்கப்பட்ட பதிவின் மாஸ்டர் ரெக்கார்டு ஐடி என்ற ஃபீல்டில் மிஞ்சிய பதிவின் ஐடி இருக்கும். ஆனால் ரீசைக்கிள் பின் காலியானால் அதுவும் கைவிட்டுப் போகும். ஆகவே அக்கவுன்ட்டின் 'அழித்த பின்' ட்ரிக்கரில் (பதிவு அழிந்ததும் தானாக ஓடும் நிரலில்) அந்த ஃபீல்டைப் படித்து, 'பழைய எண், இன்றைய எண்' என்று இரண்டே பத்தி கொண்ட ஒரு டேபிளில் எழுதி வையுங்கள். வெளித் தரவின் வியூ அந்த டேபிளைத் தாண்டித்தான் வாடிக்கையாளர் எண்ணைத் தரட்டும். பழைய வரிசைகளில் கை வைக்க வேண்டியதே இல்லை. அ என்பதை ஆ-வோடும், பிறகு ஆ-வை இ-யோடும் இணைப்பார்கள். அப்போது அ-வின் வரியையும் இ என்று திருத்த வேண்டும், மறக்காதீர்கள்.

கேள்வி: பக்கம் திறக்கவே இருபது விநாடி ஆகிறது, சில நேரம் டைம்அவுட். டேபிளில் நான்கு கோடி வரிசைகள். சர்வரைப் பெரிதாக்கலாமா?

இப்போது வேண்டாம். அந்த டேபிளில் வாடிக்கையாளர் எண், மூடிய தேதி, புகார் எண் ஆகிய மூன்றும் இதே வரிசையில் சேர்ந்த ஒரே இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இருக்கிறதா? மூன்றுக்கும் தனித்தனி இண்டெக்ஸ் இருந்தால் போதாது. சேர்ந்த இண்டெக்ஸ் இருந்தால் நான்கு கோடியில் ஒருவரின் 25 வரிசையை எடுப்பது மில்லிவிநாடி வேலை.

அதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால், டேட்டாபேஸ் லாகில் உண்மையில் என்ன குவெரி வருகிறது என்று பாருங்கள். அநேகமாக இரண்டு வேண்டாத விருந்தாளிகள் தெரிவார்கள். ஒன்று, மொத்த எண்ணிக்கை. ரோ கவுன்ட் கேட்கும் விருப்பம் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். பக்கத்துக்கு 25 வரிசை காட்டினாலும் மொத்தம் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் எண்ண வைக்கும். அதை அணையுங்கள். இன்னொன்று தேடல். எக்ஸ்டர்னல் டேட்டா சோர்ஸில் தேடலை இயக்கியிருந்தால், எந்த ஊழியர் மேலே உள்ள தேடல் பெட்டியில் எதைத் தட்டினாலும் அது உங்கள் பழைய டேபிளுக்கும் போகும். டெக்ஸ்ட் பத்திகளில் 'இந்தச் சொல் உள்ளதா' என்று தேடும். அந்த வகைத் தேடலுக்குச் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, டேபிள் முழுவதும் படிக்கப்படும். நூறு பேர் தட்டினால் நூறு முறை. தேடலை அணைத்துவிட்டு, புகார் எண்ணால் மட்டும் தேடும் சிறு பெட்டி ஒன்றைக் கொடுங்கள்.

பக்கம் புரட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'முதல் 10,000 விட்டு அடுத்த 25' என்று கேட்டால், டேட்டாபேஸ் அந்தப் பத்தாயிரத்தையும் படித்துவிட்டுத்தான் எறியும். 'இந்தத் தேதிக்கும் இந்தப் புகார் எண்ணுக்கும் முந்தைய 25' என்று கேளுங்கள். தேதியை மட்டும் வைத்தால் ஒரே நாளில் மூடிய புகார்கள் இரண்டு பக்கத்திலும் வரலாம், அல்லது எதிலும் வராமல் போகலாம்; புகார் எண்ணைக் கூடவே சேர்ப்பது அதற்காகத்தான்.

நீண்ட விவரக் குறிப்பைப் பட்டியலில் அனுப்பாதீர்கள். தேதி, தலைப்பு, நிலை, எண் போதும்; விவரம் சொடுக்கிய பிறகு வரட்டும். சொந்தக் காம்பொனென்ட் என்றால் இது கட்டாயமே: ஏபெக்ஸில் ஒரு சாதாரண அழைப்பின் பதில் 6 எம்பியைத் தாண்டக் கூடாது, காத்திருக்கும் உச்ச நேரம் 120 விநாடி. எங்கள் கருத்தில் மூன்று விநாடிக்கு மேல் காத்திருப்பதே அதிகம். அதற்கு மேல் போனால் 'பழைய தரவு இப்போது கிடைக்கவில்லை' என்று காட்டிவிட்டு, பக்கத்தின் மற்ற பகுதிகளை இயங்க விடுங்கள். பழைய சர்வர் படுத்துவிட்டால் இன்றைய வேலையும் நிற்பது நியாயமில்லை.

கேள்வி: மொத்த எண்ணிக்கையை அணைக்கச் சொன்னால், 'இவருக்கு எத்தனை பழைய புகார்' என்று மேலாளர் கேட்பாரே?

பழைய தரவு மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டியதும் இல்லை. அக்கவுன்ட்டில் மூன்று ஃபீல்டு சேருங்கள்: பழைய புகார்களின் எண்ணிக்கை, முதல் தேதி, கடைசித் தேதி. ஒவ்வொரு முறை தரவை வெளியேற்றும் வேலை முடிந்ததும், அதே வேலையின் கடைசிப் படியாக இவற்றைப் புதுப்பியுங்கள். எக்ஸ்டர்னல் ஆப்ஜெக்டை வைத்து ரோல்அப் சம்மரி (தொடர்புடைய பதிவுகளைத் தானாக எண்ணும் ஃபீல்டு) போட முடியாது என்பதால் இதுதான் வழியும்கூட. இந்த மூன்றும் சாதாரண ஃபீல்டுகள், அறிக்கையிலும் வடிகட்டலிலும் தடையின்றி வரும்.

இதில் இன்னொரு லாபம்: எண்ணிக்கை பூஜ்ஜியம் என்றால் பழைய தரவுப் பகுதியையே மறைத்துவிடலாம், வீண் அழைப்பு மிச்சம். மற்றவர்களுக்கும் 'பழைய புகார்கள்: 42, கடைசி 2019' என்று ஒரு வரி காட்டி, சொடுக்கினால் மட்டும் பட்டியலை வரவழையுங்கள்.

கேள்வி: ஒரு விற்பனையாளர் தன் வாடிக்கையாளர்களை மட்டும் பார்க்கும்படி ஷேரிங் விதிகள் வைத்திருக்கிறோம். பழைய தரவுக்கும் அவை பொருந்துமா?

பொருந்தாது. எக்ஸ்டர்னல் ஆப்ஜெக்டில் ரெக்கார்டு அளவிலான ஷேரிங் கிடையாது. ஆப்ஜெக்டைப் படிக்க அனுமதி உள்ளவர், வெளி அமைப்பு தருகிற எல்லா வரிசைகளையும் பார்க்கலாம். ஆப்ஜெக்டின் டேப்பை (திரைத் தாவலை) மறைத்தால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. லிஸ்ட் வியூ, ரிப்போர்ட், ஏபிஐ எல்லாம் திறந்தே கிடக்கும்.

இரண்டு தீர்வு. வெளி அமைப்பில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனி அடையாளம் கொடுத்து, அங்கேயே வடிகட்டுவது ஒன்று. நல்லது, ஆனால் பராமரிப்பு அதிகம். மற்றது நாங்கள் பெரிதும் விரும்புவது: ஊழியர்களுக்கு எக்ஸ்டர்னல் ஆப்ஜெக்டே வேண்டாம். சொந்தக் காம்பொனென்ட் அக்கவுன்ட் ஐடியை மட்டும் ஏபெக்ஸுக்கு அனுப்பட்டும். ஷேரிங்கை மதிக்கும் வகுப்பு முதலில் அந்த அக்கவுன்ட்டைத் தேடட்டும். கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தட்டும். கிடைத்தால், அதிலிருந்து எடுத்த வாடிக்கையாளர் எண்ணைக் கொண்டு வெளியே கேட்கட்டும். எண்ணை பிரவுசரிலிருந்து வாங்காதீர்கள். வாங்கினால், அதை மாற்றி அனுப்பி யாருடைய புகாரையும் படித்துவிடலாம்.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் சிஆர்எம்மான டைனமிக்ஸ் 365-இல் வர்ச்சுவல் டேபிள் (வெளித் தரவைக் காட்டும் டேபிள்) அமைத்தோம். பட்டியல் வருகிறது, ஒரு வரிசையைச் சொடுக்கினால் 'ரெக்கார்டு இல்லை' என்கிறது.

ஓடேட்டா வழங்கி வழியாக வரும் வர்ச்சுவல் டேபிளுக்கு முதன்மைச் சாவி ஜியூஐடி-யாக (தனித்துவமான நீண்ட அடையாளமாக) இருக்க வேண்டும். உங்கள் டேபிளில் சாவி சாதாரண எண்ணாக இருந்திருக்கும். யாரோ வியூவில் நியூஐடி என்று போட்டு ஜியூஐடி உண்டாக்கியிருப்பார்கள். அது ஒவ்வொரு குவெரிக்கும் புதிதாகப் பிறக்கும். பட்டியலில் வந்த ஐடி, சொடுக்கும் நேரத்தில் எங்கும் இருக்காது. பழைய எண்ணிலிருந்து எப்போதும் ஒரே விடை தரும் யூயூஐடி ஐந்தாம் பதிப்பு முறையில் கணக்கிட்டு, ஒரு பத்தியில் நிரந்தரமாக எழுதி, அதற்கு இண்டெக்ஸ் போடுங்கள்.

ஷேரிங் பற்றிய மேற்கண்ட எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: வர்ச்சுவல் டேபிள் நிறுவனத்துக்கே சொந்தமான வகை மட்டும்தான், பயனர்வாரிப் பாதுகாப்பு இல்லை. பின்னாளில் அதைச் சாதாரண டேபிளாக மாற்றவும் முடியாது.

கேள்வி: வெளி டேட்டாபேஸே வேண்டாம், பிக் ஆப்ஜெக்ட் (சேல்ஸ்ஃபோர்ஸுக்குள்ளேயே பெருந்தரவை வைக்கும் டேபிள்) போதும் என்கிறார்கள். சரியா?

சாவி உறுதியாகத் தெரிந்தால் சரி. பிக் ஆப்ஜெக்டின் இண்டெக்ஸில் ஐந்து ஃபீல்டு வரை வைக்கலாம். அமைத்த பிறகு மாற்ற முடியாது. குவெரி முதல் ஃபீல்டிலிருந்து இடைவெளி விடாமல் தொடங்க வேண்டும். 'அக்கவுன்ட், மூடிய தேதி, புகார் எண்' என்று வைத்தால் வாடிக்கையாளர்வாரியாக எடுக்கலாம். புகார் எண்ணை மட்டும் தந்து தேட முடியாது. அதற்கும் வழி வேண்டும் என்றால் இன்னொரு பிக் ஆப்ஜெக்டில் அதே தரவை வேறு வரிசையில் வைப்பார்கள். இண்டெக்ஸ் முழுவதும் ஒத்த இரண்டு பதிவுகள் வந்தால், இரண்டாவது முதலாவதை ஓசையின்றி மேலெழுதும். புகார் எண்ணை இண்டெக்ஸில் சேர்க்காமல் விட்டால் பதிவுகள் காணாமல் போவது இப்படித்தான். திரைக்கு எப்படியும் சொந்தக் காம்பொனென்ட் எழுத வேண்டும்.

கேள்வி: தேதிகள் ஒரு நாள் முந்தித் தெரிகின்றன.

நேரமே இல்லாத தேதியை நேரத்தோடு அனுப்புகிறீர்கள். ஏப்ரல் 1 என்பது 'ஏப்ரல் 1, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு' என்று போகிறது. கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவருக்கு அது மார்ச் 31. கிழக்கே இருப்பவர்களுக்கு ஏற்றுமதியின்போதே தவறு நிகழும்: உள்ளூர் நள்ளிரவை யூடிசி-க்கு மாற்றி, நேரத்தை வெட்டிவிட்டால் முந்தைய நாள்தான் மிஞ்சும். முதல் வகையை, தரவைக் காட்டும் பக்கத்திலேயே திருத்தலாம்; இரண்டாவது வகையில் தவறான தேதியே சேமிப்பில் இருக்கிறது, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். ஓடேட்டா 2-இல் தேதிக்கு மட்டுமான வகை இல்லை, 4-இல் உண்டு. முடிந்தால் 4-க்கு மாறுங்கள்.

கேள்வி: இணைப்புக் கோப்புகளை அமேசான் எஸ்3 கிளேசியரில் (நீண்டகாலக் கோப்புச் சேமிப்பில்) வைத்திருக்கிறோம். சொடுக்கினால் பிழை வருகிறது.

கிளேசியர் என்ற பெயரில் மூன்று வகுப்புகள் உண்டு. இன்ஸ்டன்ட் ரிட்ரீவல் உடனே திறக்கும். ஃப்ளெக்ஸிபிள் ரிட்ரீவலில் வழக்கமான முறையில் மீட்க 3 முதல் 5 மணி நேரம். டீப் ஆர்க்கைவில் 12 மணி நேரம் வரை. பின்னிரண்டிலும் முதலில் மீட்புக் கோரிக்கை வைக்காமல் கோப்பைக் கேட்டால் பிழைதான் வரும். பட்டியலில் கோப்பின் பெயர், அளவு, வகுப்பு மூன்றையும் டேட்டாபேஸிலிருந்தே காட்டுங்கள். உடனே திறக்காத கோப்புக்கு 'திற' என்று போடாமல் 'வரவழை' என்று பட்டன் வையுங்கள், வந்ததும் ஊழியருக்கு அறிவிப்பு போகட்டும். தற்காலிக லிங்க்கைச் சொடுக்கும் நேரத்தில் உருவாக்கி, சில நிமிட ஆயுள் கொடுங்கள். ஃபீல்டில் எழுதி வைக்க முடியாது: அந்த லிங்க்கின் உச்ச ஆயுள் 7 நாள்.

கேள்வி: 'என் தகவலை அழியுங்கள்' என்று வாடிக்கையாளர் கேட்டால், பழைய தரவிலும் அழிக்க வேண்டுமா?

ஆம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 17-ஆம் பிரிவு போன்ற விதிகள், தரவு எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. சட்டப்படி வைத்திருந்தே ஆக வேண்டிய பதிவு எது என்பதைச் சட்ட ஆலோசகரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். செய்முறையில் வரிசை முக்கியம்: முதலில் 'பழைய எண், இன்றைய எண்' டேபிளைப் பார்த்து அவருடைய எல்லாப் பழைய எண்களையும் திரட்டுங்கள், பிறகு வெளித் தரவையும் கோப்புகளையும் அழியுங்கள், அக்கவுன்ட்டைக் கடைசியில். அக்கவுன்ட்டை முதலில் அழித்துவிட்டால் வெளியே கிடக்கும் வரிசைகள் யாருடையவை என்று சொல்ல உங்களிடம் எதுவும் மிஞ்சாது.